பூனைகளை அகற்றியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அசென்ஷன் தீவின் பூனை ஒழிப்புப் பணியில் உழைத்தவர்களுக்கு வணக்கம்.

தென் அட்லாண்டிக்கின் நடுவே 88 சதுர கிலோமீட்டரில் அடங்கிவிடும் எரிமலைத் தீவு அது. உலகின் ஐந்து வகை ஃபிரிகேட் பறவைகளில் ஒரு வகைக்கு வேறெங்கும் கூடு கிடையாது. அந்தப் பறவையின் சார்பில்தான் இந்த நன்றி.

கடலை நம்பி வாழ்ந்தாலும் அது கடலில் இறங்காது. இறகுகளில் நீர் ஒட்டும். நனைந்தால் எழும்புவது கடினம். அதனால் அலைமேல் தாழப் பறந்து பறவைக்கோலா மீன்களைக் கொத்தும். சில நேரம் மற்றப் பறவைகளைத் துரத்தி, அவை கக்கும் இரையை அந்தரத்திலேயே பிடித்துக்கொள்ளும். விரித்த சிறகு சுமார் இரண்டு மீட்டர். எடை ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவு. இதன் உறவான பெரிய ஃபிரிகேட் பறவை பறந்துகொண்டே தூங்குவதை 2016-இல் ஆய்வாளர்கள் மூளை அலைகளைப் பதிவுசெய்து நிறுவினார்கள்.

வானத்தில் இத்தனை வல்லமை கொண்டது தரையில் தடுமாறும். கால்கள் குட்டை, நடக்க வராது. ஆண் சிவந்த தொண்டைப் பையை ஊதித் துணையை அழைக்கும். அசென்ஷனில் கூடு வெறுந்தரையில்தான். முட்டையும் ஒன்றே ஒன்று. குஞ்சு பறக்கவே ஆறேழு மாதம் ஆகும். அதன் பிறகும் தாய் பல மாதம் இரை ஊட்ட வேண்டும். இவ்வளவு மெதுவாகப் பெருகும் இனம், 1815-இல் தீவுக்கு வந்து காட்டுப் பூனைகளாகப் பெருகிய கூட்டத்தை எப்படித் தாங்கும்? பெருந்தீவை முற்றிலும் இழந்து, பூனை எட்டாத போட்ஸ்வைன்பேர்ட் என்ற பாறைத் திட்டில் ஒதுங்கியது.

நீங்கள் செய்தது கைதட்டல் வாங்கும் வேலையல்ல. நஞ்சும் பொறியும் வைத்ததில் வீட்டுப் பூனைகள் சிலவும் இறந்தன; ஊரார் கோபத்தையும் தாங்கினீர்கள். 2004-க்குப் பின் காட்டுப் பூனை எதுவும் தென்படவில்லை. 2006-இல் தீவு அவற்றிடமிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. 2012-இல், ஒரு நூற்றாண்டுக்கும் மேலான இடைவெளிக்குப் பின், ஃபிரிகேட் பறவைகள் பெருந்தீவில் மீண்டும் கூடு வைத்தன.

தம் செல்லப் பூனைகளைப் பதிவுசெய்து கருத்தடைக்கு ஒத்துழைத்த தீவுவாசிகளுக்கும் இந்த நன்றியில் பங்குண்டு. அந்தக் கட்டுப்பாட்டை மட்டும் தளர்த்திவிடாதீர்கள். தரையில் கிடக்கும் ஒற்றை முட்டைக்கு வேறு காவல் இல்லை.

நன்றியுடன்,
கடற்பறவை ஆர்வலர் ஒருவர்