ஐந்தில் ஒரு பங்கு

சரஸ்வதி மகாலுக்குப் போனால் சரபோஜியைப் புகழாமல் திரும்புவதில்லை. ஏடுகளைத் திரட்டியவர், கண் நோயாளிகளைப் பற்றிக் குறிப்பெழுதி வைத்தவர். நானும் புகழ்ந்திருக்கிறேன். இப்போதெல்லாம் அங்கே போனால் 1799 உடன்படிக்கைதான் நினைவுக்கு வருகிறது.

தஞ்சை தனக்குக் கப்பம் கட்டவேண்டிய நாடு என்பது ஆற்காட்டு நவாபின் வாதம். 1762இல் கம்பெனி நடுவில் நின்று உடன்படிக்கை செய்துவைத்தது. 1773இல் அதே கம்பெனியின் படை தஞ்சையைப் பிடித்து நவாபிடம் கொடுத்தது. 1776இல் துளஜாவிடம் திருப்பித் தந்தது; கூடவே தன் பட்டாளத்தையும் கோட்டையில் இருத்தியது. 1799இல் நிர்வாகம் முழுவதும் கம்பெனிக்கு. சரபோஜிக்குக் கோட்டை, ஆண்டுக்கு 1 லட்சம் வராகன், நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு. ராஜா என்ற பட்டம் அப்படியே இருந்தது.

வங்கியில் பேரேடு எழுதுகிறவனுக்கு ஒன்று உடனே உறைக்கும். பங்கு ஒருவருக்கு, பேரேடு இன்னொருவரிடம். நிகரம் எவ்வளவு என்பதைப் பேரேடு வைத்திருப்பவர்தான் சொல்வார்.

எங்கள் வீட்டிலும் ஓர் உடன்படிக்கை நடந்தது. விதவையான அத்தைக்கு இரண்டாங்கட்டில் ஓர் அறை. குறுவை, தாளடிக் கண்டுமுதலில் செலவு போக ஐந்தில் ஒன்று. அப்பா சொல்ல நான்தான் எழுதினேன். "நீ எழுதினாச் சரியாத்தான் இருக்கும்" என்று படிக்காமலே அத்தை கையெழுத்துப் போட்டாள். 'செலவு போக' என்பது அப்பா சொன்னதல்ல, நான் சேர்த்தது. ஆற்றில் தண்ணீர் வராத வருஷங்களில் அவளுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அவள் கணக்குக் கேட்கவுமில்லை. யாரிடம் கேட்பாள்?

1855இல் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்ததும் கோட்டையும் போயிற்று. ராணி காமாட்சி பாய் வழக்காடினார். இது அரசின் செயல், இதில் நியாயம் பார்க்க நீதிமன்றத்துக்கு இடமில்லை என்று 1859இல் லண்டன் பிரிவி கவுன்சில் கைவிரித்தது. ஹாங்காங்குக்கு 1997 முதல் 50 ஆண்டுத் தன்னாட்சி என்று எழுதியபோதும், அடிப்படைச் சட்டத்துக்குப் பொருள் சொல்லும் இறுதி உரிமை பெய்ஜிங்கிடமே இருந்தது. முறையிட மூன்றாவது இடம் ஒன்று இல்லாத சுயாட்சி, கொடுத்தவனின் அன்றைய மனநிலைதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அத்தை போய்விட்டாள். இரண்டாங்கட்டு அறையில் இப்போது என் புத்தகங்கள் இருக்கின்றன. வரும் நண்பர்கள் அலமாரிகளைப் பார்த்துப் புகழ்ந்துவிட்டுப் போகிறார்கள்.