பித்தளைக்குப் புளி... முத்துக்கு எமன்!

ஐதராபாத் சாலார் ஜங் அருங்காட்சியகத்தில் பகல் 12 மணிக்கு முன்பே கூட்டம் சேர்ந்துவிடும். கொல்கத்தா குக் அண்ட் கெல்வி நிறுவனத்தின் இசைக் கடிகாரத்திலிருந்து ஒரு தாடிக்காரப் பொம்மை வெளியே வரும். மணியை 12 முறை அடித்துவிட்டு உள்ளே போய்விடும்.

1951 டிசம்பர் 16-ல் நேரு திறந்துவைத்த இந்த அருங்காட்சியகத்தில், கடிகாரங்களுக்கென்றே தனிக்கூடம் இருக்கிறது. அங்கிருந்து சார்மினார் பக்கம் நடந்தால் பத்தர்கட்டி. அங்கே வரிசையாக முத்துக் கடைகள்.

கடிகாரமும் முத்தும் ஒன்றாகச் சேர்ந்த காலமும் உண்டு. லண்டன் ஜேம்ஸ் காக்ஸ் 1766-ல் செய்த தேர் வடிவக் கடிகாரத்தில் தங்கம், வைரத்தோடு முத்துகளும் பதிக்கப்பட்டுள்ளன. சீனப் பேரரசருக்குப் பரிசளிக்கக் கிழக்கிந்தியக் கம்பெனி செய்யச் சொன்னது அது. இன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இப்படிப்பட்ட கடிகாரத்தைப் பழுதுபார்ப்பதில்தான் சிக்கல். பித்தளையை மினுக்கும் புளியும் எலுமிச்சையும் முத்தை அரித்துவிடும். காரணம், முத்தின் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். கிளிஞ்சல் மேல் எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைக்குமே, அதே கதைதான். பளபளப்பு ஒருமுறை போனால் திரும்பாது.

மரப்பெட்டியும் எதிரியாகலாம். சில மரங்களிலிருந்து கசியும் அமில ஆவி, மூடிய பெட்டிக்குள் தேங்கி, சிப்பி, முத்து மீது வெள்ளைப் பொடியாகப் பூக்க வைக்கும். 1899-ல் இதை விவரித்த பைன் என்பவரின் பெயரால் 'பைன் நோய்' என்கிறார்கள். பெயர்தான் நோய், கிருமி எதுவும் இல்லை!

நிபுணர்கள் என்ன செய்கிறார்கள்? முதலில் ஒவ்வொரு முத்தும் இருக்கும் இடத்தைப் படம் எடுத்துக் குறித்துக்கொள்கிறார்கள். மெல்லிய தூரிகையால் தூசி தட்டுகிறார்கள். இற்றுப்போன பட்டு நூலை மாற்றும்போது, ஒவ்வொரு முத்துக்கும் இடையில் முடிச்சுப் போடுகிறார்கள். நூல் அறுந்தாலும் எல்லா முத்தும் சிதறாது. ஒட்ட வேண்டியிருந்தால், பின்னால் பிரித்தெடுக்க முடிகிற பசைதான். புது முத்து சேர்த்தால் அதையும் எழுதி வைக்கிறார்கள். எது பழையது, எது புதியது என்று அடுத்த தலைமுறைக்குத் தெரிய வேண்டுமே!

கம்மாபுரம், நெய்வேலி பக்கத்து வீடுகளில் தாத்தா காலத்துக் கடிகாரமோ, பாட்டியின் முத்துமாலையோ இருந்தால் கூடுதல் கவனம் தேவை. பழுப்பு நிலக்கரி எரியும்போது கந்தக டை ஆக்சைடு வெளியாகும். அது ஈரத்தோடு சேர்ந்தால் அமிலம். அதனால் திறந்த ஜன்னலோரம் வேண்டாம், வெயிலும் வேண்டாம். உலர்ந்த, மென்மையான பருத்தித் துணியால் துடைத்தால் போதும். சோப்புத் தண்ணீரில் ஊறவைப்பதும் கூடாது. கோத்த நூல் இற்றுவிடும்.

முத்து உதிர்ந்திருந்தால் வீட்டுப் பசையைத் தேடாதீர்கள். விழுந்ததை ஒரு காகித உறையில் போட்டு, எங்கிருந்து விழுந்தது என்று எழுதி வையுங்கள். கடிகாரம் ஓடாவிட்டாலும் பரவாயில்லை, அந்த முத்து தொலையக் கூடாது.