நமுனுகுலையில் பற்றரி

நமுனுகுலத் தோட்டங்களின் லயங்களுக்கு மின்சாரத்துக்கு முன்பே வந்து சேர்ந்தது கார் பற்றரி. 1982இல் ரூபவாகினி தொடங்கிய பின்னர் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிகள் அதில்தான் இயங்கின. மின்னேற்றம் தீர்ந்ததும் அதைச் சுமந்துகொண்டு கடைத்தெருவுக்கு இறங்குவோரைச் செய்தி சேகரிக்கச் சென்ற நாட்களில் கண்டிருக்கிறேன்.

இன்று அது வேன்களிலும் முச்சக்கரவண்டிகளிலும் இருக்கிறது. இளைஞர்கள் வாசலிலேயே மாற்றுகிறார்கள். 12 வோல்ட் உடலை உலுக்குவதில்லை; ஆகவே எவரும் அஞ்சுவதில்லை. ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது.

இயந்திரத்தை நிறுத்திவிட்டு முதலில் எதிர்முனையைக் கழற்றவேண்டும். பூட்டும்போது அதுவே கடைசி. பெரும்பாலான வண்டிகளின் இரும்புடல் எதிர்முனையோடு இணைந்தது. நேர்முனையை முதலில் தொட்ட ஸ்பேனர் உடலில் பட்டால் பொறி பறக்கும். பற்றரி வெளியிடும் ஐதரசன் வாயு அதில் வெடிக்கலாம். உள்ளே இருப்பதோ கந்தக அமிலம்.

கண்ணில் அமிலம் தெறித்தவரைப் பசறை வழியாகப் பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல நேரமெடுக்கும். பார்வையைக் காப்பது, அந்தக் கணமே விடாமல் ஊற்றும் சுத்தமான தண்ணீர். ஆகவே கண்ணாடி அணியுங்கள். பக்கத்தில் ஒரு வாளி நீர் வையுங்கள். பழைய பற்றரியை உடைக்காமல் கடையில் ஒப்படையுங்கள். ஈயம் கலந்த மண்ணில் விளையாடப்போவது நம் பிள்ளைகள்தாம்.