ஆற்றங்கரையில் ஆறு சக்கரம்

கலிபோர்னியாவில் இருக்கும் என் பிள்ளை, "அப்பா, இந்த வாரம் வீட்டோடயே டூர் போறோம்" என்றான். வீட்டைப் பூட்டிக்கொண்டு டூர் போய்த்தான் எனக்குப் பழக்கம். வாசலில் வந்து நின்றதைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. வாடகை மோட்டார் ஹோம்! ஆறு சக்கரத்தின் மேல் கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், பாத்ரூம் சகலமும். மாம்பலத்தில் நாங்கள் முதன்முதலில் குடித்தனம் செய்த போர்ஷனைவிடப் பெரிசு.

யோசெமிட்டி பள்ளத்தாக்கில், மெர்செட் நதிக்கரையில் லோயர் பைன்ஸ் என்று ஒரு முகாம். மூன்று நாள் வாசம். மெர்செட் என்றால் ஸ்பானிஷ் மொழியில் கருணையாம். ஜூன் மாதம் என்பதால் மலைப்பனி உருகி இரு கரையும் தொட்டு ஓடியது. காலை நனைத்தால் விறைத்துப் போகும் குளிர். கருணைக்கும் எல்லை உண்டு. 1997 ஜனவரி வெள்ளத்தில் பக்கத்திலிருந்த இரண்டு முகாம்களை இந்த நதி நாசமாக்க, அவற்றை மூடியே விட்டார்கள்.

அங்கே வண்டிக்குக் கரண்ட் கனெக்‌ஷனும் கிடையாது, குழாய் கனெக்‌ஷனும் கிடையாது. வண்டிக்கு அடியில் மூன்று தொட்டிகள். நல்ல தண்ணீருக்கு ஒன்று, சுமார் 150 லிட்டர். குளித்த, கழுவிய தண்ணீருக்கு ஒன்று. மூன்றாவது எதற்கென்று சொல்ல மாட்டேன். டிபன் சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் இருப்பீர்கள்.

முதல் நாள் ஐந்து பேரும் ஷவரில் ஆனந்தமாகக் குளித்தோம். மறுநாள் காலை, வாய் நிறைய நுரையோடு குழாயைத் திருகினேன். 'கொர்ர்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

"யாரு இவ்ளோ தண்ணிய காலி பண்ணினது?" என்றான் பிள்ளை. நான் ஜன்னல் வழியாக மலையை ரசிக்க ஆரம்பித்தேன். கண்ணெதிரே ஆறு ஓடுகிறது. சோப்புப் போட்டு அதில் கை கழுவக்கூடத் தடை!

தொட்டியை நிரப்ப வண்டியைக் கிளப்பிக்கொண்டு அடுத்த முகாமுக்குப் போக வேண்டும். "அதெல்லாம் வேணாம். ஒரு பக்கெட் இருந்தா குடு" என்றாள் என் சம்சாரம். முகாமின் பொதுக்குழாய் கொஞ்ச தூரத்தில் இருந்தது. அப்புறம் அவள் ராஜ்ஜியம்தான். பல் தேய்க்க ஆளுக்கு ஒரு டம்ளர். எச்சில் தட்டை முதலில் காகிதத்தால் துடைக்க வேண்டும், பிறகுதான் தண்ணீர்.

"எப்படி அத்தை இதெல்லாம்?" என்று மருமகள் வாயைப் பிளந்தாள்.

"2019-ல லாரித் தண்ணி. அதுக்கு முன்னாடி ராத்திரி ரெண்டு மணிக்கு அடிபம்பு. பழக்கம்தான்மா!"

பக்கெட் தூக்கும் வேலையை வீறாப்பாக நான் ஏற்றுக்கொண்டேன். நாலாவது நடையில் பாதி வழியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் பக்கத்தில் வந்தாள்.

"எத்தனை வருஷம்டி தூக்கினே?"

"எண்ணிக்கிட்டா தூக்குவாங்க?"

அந்த ரெண்டு மணிக்கெல்லாம் நான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தேன். ஏழு மணிக்கு பாத்ரூமில் வெந்நீர் இருக்கும். எங்கிருந்து வந்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஆறிப்போயிருந்தால் மட்டும் சத்தம் போட்டிருக்கிறேன். அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. வார்த்தை வரவில்லை. பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

கிளம்பும் நாள், கழிவைக் கொட்டும் இடத்தில் பிள்ளை கையுறை மாட்டினான். "இப்படிக் குடுடா" என்று வாங்கிக்கொண்டேன். முதலில் மூன்றாவது தொட்டியைத் திறக்க வேண்டும். பிறகு குளித்த தண்ணீரைத் திறந்தால் அதுவே குழாயைக் கழுவிவிடும். என் சம்சாரம் முந்தானையால் மூக்கை மூடியபடி, "பாத்துங்க!" என்றாள்.

சென்னை திரும்பியதிலிருந்து தண்ணீர் இலாகா என்னுடையது. மோட்டார் போடுவது, குடம் நிரப்புவது, வெந்நீர் வைப்பது எல்லாம் நானே. ஆனாலும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. விடிகாலையில் மொட்டை மாடிக்குப் போய் டேங்க்கைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் காபி போடுகிறாள்!