வெள்ளிக்கிழமை விவசாயி

2022ஆம் ஆண்டு அரசாங்கம் எனக்குத் தந்த வெள்ளிக்கிழமைகளை நான் நித்திரையில் கழித்தேன். நான் ஓர் அரச ஊழியன். பெற்றோல் இல்லை, சாப்பாட்டுக்கும் தட்டுப்பாடு வரப்போகிறது, ஆகவே அத்தியாவசியச் சேவைகள் தவிர்ந்த அரச ஊழியர்கள் வெள்ளிக்கிழமைகளில் வீட்டில் நின்று தோட்டம் செய்யட்டும் என்று அந்த ஜூன் மாதம் அமைச்சரவை தீர்மானித்தது. மூன்று மாதத்துக்கான ஏற்பாடு. என் சம்பளத்தில் ஒரு சதமும் குறையவில்லை. என் வளவில் ஒரு மண்வெட்டி மண்ணும் புரளவில்லை.

சாட்டுச் சொல்வதில் நான் கெட்டிக்காரன். ஆனி, ஆடி கச்சான் அடிக்கிற காலம். மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையில் எங்கள் மண் வெறும் கடல் மணல். காலையில் ஊற்றிய தண்ணீர் மத்தியானத்துக்குள் இருந்த இடம் தெரியாது. வாவிப் பக்கத்துக் கிணறுகள் அந்த நாட்களில் உவர்க்கத் தொடங்கிவிடும். மோட்டர் போடக் கரண்ட் இல்லை. இவை எதுவும் பொய்யில்லை. அதனால்தான் "மாரி வரட்டும்" என்று நான் சொன்னதை வீட்டில் நம்பினார்கள். பசளைச் சாட்டும் கைவசம் இருந்தது. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதிக்குப் போட்ட தடையை நவம்பரில் எடுத்தாயிற்று. ஆனால் அதன் பிறகும் "பசளை இல்லாத நாட்டில் என்ன தோட்டம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். இரவில் எங்கள் றோட்டில் படுத்தெழும்புகிற மாடுகளின் எரு படலையடியிலேயே கிடந்தது. கூடையெடுத்து அள்ளியவன் நானில்லை.

என் உண்மையான குற்றம் ஆனியில் நடந்ததல்ல, புரட்டாதியில் நடந்தது. அந்தச் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். சந்தையில் கத்தரிக்காயின் விலையைக் கேட்டுவிட்டு வைத்துவிட்டு வந்த நாட்கள் அவை. மாரித் தோட்டத்துக்கு மண் கொத்த வேண்டிய மாதமும் அதுதான்.

இங்கே மழை தொடங்கிய பிறகு தோட்டம் தொடங்குகிறவன் தோற்றவன். மணல் மண்ணுக்கு எருவும் கிளிசிறியாக் குழையும் போட்டுப் புரட்டினால், அது உக்க இரண்டு மூன்று கிழமை வேண்டும். கத்தரி, கொச்சி நாற்று நடும் பருவத்துக்கு வர நாலைந்து கிழமை. மாடு ஆடு வராமல் வேலி அடைக்க வேண்டும். கதியால் ஊன்ற வேண்டும். மழைக்காலப் பாத்தி உயர்த்திக் கட்ட வேண்டும்; இடையில் தண்ணீர் ஓட வாய்க்கால் விட வேண்டும். கோடைக்குப் பள்ளப் பாத்தி, மாரிக்கு மேட்டுப் பாத்தி. களுதாவளைப் பக்கத் தோட்டக்காரரிடம் கேட்டால் இதைத் தூக்கத்திலும் சொல்வார்கள். ஐப்பசியில் இடிமழை தொடங்கி, கார்த்திகை மார்கழியில் அடைமழை பிடித்தால், பிந்தி வைத்த நாற்று வேரழுகிப் போகும். அதற்கும் பயந்து தை மட்டும் பொறுத்தால், மாசியோடு மழை போய்விடும். திரும்பவும் வாளியும் கிணறும்தான்.

இதெல்லாம் எனக்குத் தெரிந்தது பக்கத்து வளவு மாமியைப் பார்த்து. கணவர் இல்லாதவர், முழங்கால் வருத்தக்காரி. ஒரு சாண் உயரத்தில் நாற்றுமேடை கட்டி, வைக்கோலும் உமியும் மாறி மாறிப் பரப்பி, பொழுதுபடும் நேரம் நெருப்பு வைத்தார். உமி விடியும்வரை குமைந்து எரிந்தது. மண்ணிலிருக்கிற நாற்றழுகல் கிருமி அந்தச் சூட்டில் செத்துப்போகும். ஆறவிட்டு, நிரை கீறி விதை போட்டு, மேலே கிடுகுப் பந்தல் போட்டார். நான் வேலிக்கு இந்தப் பக்கம் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றேன். "என்ன மகன், நீங்க இன்னும் கொத்தல்லயா? மழ வந்தாப் புறகு என்னத்தக் கொத்துற?" என்றார். "நாளைக்கு மாமி" என்றேன்.

மார்கழியில் மாமியின் வளவில் பயற்றையும் வெண்டியும் காய்த்தன, தையில் கத்தரி. வேலிக்கு மேலால் எங்களுக்கும் தந்தார். அதில் ஒரு பையைக் கந்தோருக்குக் கொண்டுபோய்ப் பங்கிட்டேன். "உங்கட தோட்டத்துக் கத்தரியா?" என்று கேட்டார்கள். "ஓம்" என்றேன். சோம்பலுக்கு மன்னிப்பு உண்டென்று வைத்தாலும், நோய்க்காரக் கிழவியின் உழைப்பை என் பெயரில் எழுதிக்கொண்டதற்கு என்ன பெயர்? களவுதான். மாமிக்கு அது இன்றுவரை தெரியாது.

திருந்திவிட்டேன் என்றும் சொல்ல வரவில்லை. அடுத்த மாரிக்கு இரண்டு பாத்தி கட்டினேன். வேலி அடைக்கப் பஞ்சிப்பட்டதால் ஆடு தின்றுவிட்டது. ஆட்டைத் திட்டினேன், என்னைத் திட்டவில்லை.

நெருக்கடி வந்தால் நாங்கள் அரசாங்கத்தைப் பேசுவோம். அது பேச வேண்டியதுதான். பசளைத் தடை அவர்கள் செய்த பிழை. ஆனால் எங்களூரில் எத்தனையோ வளவுகள் என் வளவைப் போலவே சும்மா கிடக்கின்றன. அதற்கு எந்த வர்த்தமானியும் காரணமில்லை. மாரி வரட்டும் என்று நீங்களும் சொல்லிக்கொண்டிருந்தால், என் பேச்சைக் கேளாமல் மாமியின் பேச்சைக் கேளுங்கள். முதலில் வேலியை அடையுங்கள். புரட்டாதி முடிவதற்குள் ஒரு பாத்தியாவது கொத்தி எருப் போடுங்கள்.