அலாரம் அளவை ஏற்றியது நான்தான்

டிரான்ஸ்மிஷன் ஆயில் 225 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் கத்தும்படி வைத்திருந்த அலாரத்தை 250-க்கு ஏற்றி வைத்தவன் நான். வேறு யாரும் அதைத் தொடவில்லை. டீசல் பிக்கப் மலை ஏறிக்கொண்டிருந்தது. பின்னால் டிராவல் டிரெய்லர், உள்ளே மனைவியும் பிள்ளைகளும். ஒரு கை ஸ்டியரிங்கில் இருக்க, இன்னொரு கையால் மீட்டரின் மெனுவுக்குள் போய் அந்த எண்ணை மாற்றினேன். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்திருந்தால் போதும். அதைச் செய்யவில்லை. ஆபீசில் யாராவது அலர்ட் தொல்லை தாங்காமல் வரம்பை உயர்த்தினால் முதலில் சண்டைக்குப் போகிறவனும் நான்தான்.

“ஏங்க, என்னமோ கத்துச்சே?” என்றாள் மனைவி.

“ஒண்ணுமில்ல, சும்மா சென்சார்” என்றேன். அது பொய்.

இது நடந்தது தெற்குக் கலிஃபோர்னியாவிலிருந்து லாஸ் வேகஸ் போகிற ஐ-15 சாலையில். மொஹாவி பாலைவனத்தின் நடுவே பேக்கர் என்ற சிற்றூர். 1913 ஜூலையில் டெத் வேலியில் பதிவான 134 டிகிரியின் நினைவாக, சரியாக 134 அடி உயரத்துக்கு ஒரு தெர்மாமீட்டரை அங்கே நட்டு வைத்திருக்கிறார்கள். ஊர் கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் அடிகூட இல்லை. அதைத் தாண்டியதும் ஹாலரன் சம்மிட் வரை நீளமான ஏற்றம். கொஞ்சம் இறங்கி மறுபடி ஏறினால் 4,700 அடிக்கு மேல் மவுன்டன் பாஸ். ஏசியை அணைக்கச் சொல்லும் பலகைகளும், ரேடியேட்டருக்குத் தண்ணீர் பிடிக்கும் இடங்களும் வழியிலேயே உண்டு. அரசாங்கம் இதற்கு மேல் என்ன சொல்ல முடியும்? நான் ஏசியையும் அணைக்கவில்லை.

டேஷ்போர்டு முள்ளை நம்பி ஏமாந்தேன் என்றும் சொல்லிக்கொள்ள முடியாது. பல வண்டிகளில் கூலன்ட் சூடு இருபது டிகிரி கூடினாலும் முள் நடுவிலேயே நிற்கும்படிதான் அமைத்திருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் காசு கொடுத்துத் தனி மீட்டர் வாங்கி, ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் செருகி வைத்திருந்தேன். கூலன்ட், டிரான்ஸ்மிஷன், எக்ஸாஸ்ட் மூன்றின் சூடும் எண்களாகவே தெரியும். எண்கள் என் கண்ணெதிரில்தான் இருந்தன.

அந்த மூன்று எண்களுக்கும் மூன்று குணம். எக்ஸாஸ்ட் சூடு முன்கோபி. காலை அழுத்தினால் சில நொடிகளில் எகிறும், எடுத்தால் உடனே இறங்கும். டர்போவுக்கு முன்னால் அளந்தால் 1,250 டிகிரிக்கு மேல் நீண்ட நேரம் நிற்கக் கூடாது என்பது டீசல்காரர்கள் பரவலாக வைத்திருக்கும் கணக்கு. செல்சியஸில் சொன்னால் 677. அலுமினியம் உருகுவது 660-இல். பல எஞ்சின்களில் பிஸ்டனும் அலுமினியம்தான், அடியிலிருந்து ஆயில் பீய்ச்சி அதைக் குளிர வைப்பதால் தாக்குப்பிடிக்கிறது. கூலன்ட் நிமிடக் கணக்கில் ஏறும், ஃபேன் உறுமத் தொடங்கினால் இறங்கும். டிரான்ஸ்மிஷன் ஆயில் இவை இரண்டையும் போல அல்ல. மெதுவாகத்தான் சூடேறும். ஏறிவிட்டால் லேசில் இறங்காது. எண் பெரிதாகத் தெரியும்போது நாம் சில மைல்களுக்கு முன்னாலேயே தப்பு செய்து முடித்திருப்போம்.

நான் செய்த தப்பு டாப் கியர். டோ-ஹால் பட்டனை அழுத்தினால் வண்டி கியரைக் குறைத்து எஞ்சினை அதிக ஆர்பிஎம்மில் ஓட்டும், சத்தம் கூடும். பின்சீட்டில் பிள்ளைகள் தூங்குகிறார்கள் என்று அதை அணைத்துவிட்டேன். குறைந்த ஆர்பிஎம், உயர்ந்த கியர், அழுத்திய கால். எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே இருக்கும் டார்க் கன்வர்ட்டர், எதிரெதிரே வைத்த இரண்டு மின்விசிறி மாதிரி. ஒன்று தள்ளுகிற ஆயிலில் மற்றது சுற்றும். சமதரையில் உள்ளேயிருக்கும் கிளட்ச் இரண்டையும் ஒன்றாகப் பூட்டிவிடும், நழுவல் இருக்காது. பாரத்தோடு மலையில் இப்படி ஓட்டினால் பூட்டு அடிக்கடி விடுபடும். நழுவுவதெல்லாம் சூடாக மாறும். கியரைக் குறைத்து ஆர்பிஎம்மை 2,000-க்கு மேல் வைத்திருந்தால் பூட்டு நிலைத்திருக்கும், தண்ணீர் பம்ப்பும் வேகமாக ஓடும். சத்தமாக ஓடுகிற எஞ்சின்தான் மலையில் குளிர்ந்து ஓடும். இதெல்லாம் எனக்கு அன்றைக்கே தெரியும்.

டிரெய்லரோடு போகிறவர்களுக்குக் கலிஃபோர்னியாவில் வேக வரம்பு 55 மைல். மலையில் 45 போனாலும் யாரும் குறை சொல்லப் போவதில்லை. வலது ஓரத்தில் பெரிய லாரிகள் ஹசார்ட் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்துகொண்டிருந்தன. அந்த வரிசையில் சேர எனக்கு மனமில்லை. பெட்ரோல் வண்டிக்காரன் ஒருவன் என்னைவிடப் பெரிய டிரெய்லரோடு கடந்து போனான். நான் காலை இன்னும் அழுத்தினேன். டீசல் வாங்கியதே இதற்குத்தானே என்ற வீம்பு.

டிரெய்லரின் தண்ணீர் டேங்க்கையும் வீட்டிலேயே நிரப்பியிருந்தேன். ஒரு கேலன் தண்ணீர் எட்டு பவுண்டுக்கு மேல் எடை. ஐம்பது கேலன் என்றால் நானூறு பவுண்டைத் தாண்டும். போகிற கேம்ப்கிரவுண்டில் குழாய் இருக்கிறது என்று தெரிந்தே சுமந்தேன்.

மீட்டர் 248 வரை காட்டியதைப் பார்த்தேன். புது அலாரம் கத்தவில்லை, கத்தாதபடிதானே வைத்திருந்தேன்? உச்சியில் ஒதுங்கி, வண்டியை நிறுத்திய கையோடு எஞ்சினையும் அணைத்தேன். இது இரண்டாவது பாவம். கொஞ்ச நேரம் நியூட்ரலில் ஓடவிட்டிருந்தால் ஆயில் கூலர் வழியாகச் சுற்றிக் குளிர்ந்திருக்கும், டர்போவும் ஆறியிருக்கும். பேனட்டுக்குள்ளிருந்து புகைந்த நாற்றம் வந்தது. “வெயிலுக்கு ரோடு நாத்தம்” என்றேன். இரண்டாவது பொய்.

ஒரே நாளில் எதுவும் உடையவில்லை. அதுதான் என்னைக் கெடுத்தது. 250 என்பதே என் புது வரம்பாகிவிட்டது, அடுத்தடுத்த பயணங்களிலும் அதைத் திருப்பி வைக்கவில்லை. 175 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 20 டிகிரிக்கும் ஆயிலின் ஆயுள் பாதியாகும் என்று ஒரு பழைய கைக்கணக்கு உண்டு. இப்போதைய சிந்தெட்டிக் ஆயில்கள் அதைவிடத் தாங்கும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். தாங்கும்தான். அதற்காகத் தினமும் வறுத்தால்?

பிறகு ஒரு குளிர்காலத்தில், சமதரையில் ஐம்பது மைல் வேகத்தில் வண்டி உதறத் தொடங்கியது. மெக்கானிக் டிரான்ஸ்மிஷன் ஆயிலைக் கொஞ்சம் எடுத்து வெள்ளைத் துணியில் விட்டுக் காட்டினார். சிவப்பாக இருக்க வேண்டியது காப்பி டிகாக்ஷன் நிறத்தில் பரவியது. முகர்ந்துவிட்டு, “மலையில இழுக்கும்போது டோ-ஹால் போட்டுத்தான் ஓட்டுனீங்களா?” என்று கேட்டார். “எப்பவும்” என்றேன். அவர் என் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு எஸ்டிமேட் எழுதப் போனார். பல ஆயிரம் டாலர் செலவு. மனைவியிடம், கம்பெனி கொடுத்த பாகமே மட்டம் என்று சொன்னேன். அவள் அதை நம்பி அந்தக் கம்பெனியை இன்னமும் திட்டுகிறாள்.

டிரான்ஸ்மிஷனை மாற்றிய பிறகு அந்த வண்டியை விற்றுவிட்டேன். வாங்கியவரிடம் மாற்றியதற்கான பில்லைக் காட்டினேன், நல்ல விலையும் கிடைத்தது. மாற்ற வேண்டி வந்த காரணத்தை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதே சூட்டில் வெந்த டர்போவும் எஞ்சினும் அவரிடம்தான் இருக்கின்றன. டிரெய்லர் இழுத்த டீசல் வண்டியைப் பழையதாக வாங்கப் போகிறீர்களென்றால் ஆயில் மாற்றிய ரசீதுகளைக் கேளுங்கள், டிரான்ஸ்மிஷன் ஆயிலை எடுத்து முகர்ந்து பாருங்கள், டர்போவைத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். விற்கிறவர் குடும்பஸ்தர், நல்ல மனுஷன் என்று விட்டுவிடாதீர்கள். என்னையும் அப்படித்தான் நினைத்தார்கள்.