அமானிதமும் கணினியும்

ஒருவர் நம்மை நம்பி ஒப்படைத்த பொருளை அமானிதம் என்கிறோம். உரியவர் கேட்கும் நாளில் கூட்டாமலும் குறைக்காமலும் திருப்பித் தருதலே அதன் இலக்கணம். பொன்னுக்கும் பொருளுக்கும் உரிய அவ்விலக்கணம் கணினியில் சேர்த்து வைத்த செய்திகளுக்கும் உரியதே. எருமப்பட்டியில் ஒரு கோழித்தீவனக் கடையின் பழைய கணக்கைப் புதிய கணினிக்கு மாற்ற உதவியபோது இவ்வுண்மையை நான் உணர்ந்தேன்.

செய்திகளை அட்டவணைகளாகப் பிரித்து, பொதுவான ஓர் எண்ணால் அவற்றை இணைத்து வைப்பது தொடர்புசார் தரவுத்தளம். பண்ணையாளர் பெயர்கள் ஓர் அட்டவணை. அவர்கள் வாங்கிய தீவன மூட்டைகள் மற்றோர் அட்டவணை. வாடிக்கையாளர் எண் இரண்டையும் சேர்க்கும் பாலம். இக்கோட்பாட்டை ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்னும் அறிஞர் 1970இல் வெளியிட்டார். செய்தி வட்டில் எங்ஙனம் எழுதப்பட்டுள்ளது என்பதைக் கேட்பவர் அறிய வேண்டியதில்லை என்பதே அதன் உயிர்நாடி. பொருள் வேறு, அதனைத் தாங்கும் பொறி வேறு என்று பிரித்த அந்நாளிலேயே, பொறியை மாற்றினாலும் பொருளைக் காக்கலாம் என்னும் நம்பிக்கை பிறந்துவிட்டது எனலாம்.

எங்கள் நாமக்கல் வட்டாரத்தில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள் புகழ் பெற்றவை. ஒரு சேசிஸுக்கெனக் கட்டிய பாடியை மற்றொன்றில் ஏற்றும்போது மரமும் தகடும் மாறுவதில்லை. இரண்டும் சேரும் பிணைப்பிடங்களே மாறுகின்றன. மென்பொருளை ஒரு நுண்செயலியிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டு செல்வதும் அத்தகையதே. ஆரக்கிள் தரவுத்தளம் 1983இல் சி மொழியில் திருப்பி எழுதப்பட்டதன் நோக்கம், பலவகைக் கணினிகளிலும் அது இயங்க வேண்டும் என்பதே. எனினும் பிணைப்பிடங்கள் எஞ்சியே நிற்கும்.

அவற்றுள் முதலாவது எண்களை எழுதும் திசை. நாமக்கல் மாவட்டம் பிறந்த ஆண்டு 1997. இதனைக் கணினி 7, 205 என்னும் இரு பைட்டுகளாக வைக்கும். ஏழு 256களும் 205ம் சேர்ந்தால் 1997. ஸ்பார்க் போன்ற செயலிகள் பெரிய பகுதியை முன்னே வைத்தன. இன்டெல் செயலிகளோ சிறிய பகுதியை முன்னே வைக்கின்றன. முன்னதன் கோப்பைப் பின்னதில் அப்படியே திறந்தால் 1997 என்பது 52,487 ஆகிவிடும். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் வாழ்ந்த நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் வலமிருந்து இடமாக எழுதினர். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குப் புள்ளியும் குறியும் கூட்டிப் புதிய எழுத்துகளை அமைத்தனர். திசை மாறியது, மொழி மாறவில்லை. அரபுத்தமிழ் அறிந்தோர்க்கு இந்நுட்பம் புதிதன்று.

இரண்டாவது, இயங்குதளத்தின் பழக்கம். போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளம் யூனிக்ஸ் மரபில் வளர்ந்தது. வாடிக்கையாளர் ஒருவர் வந்தால் தாய்ச்செயல்முறை தன்னைப் போலவே ஒரு சேயைப் படைக்கும். தாய் அறிந்த யாவும் சேய்க்குப் பிறவியிலேயே வாய்க்கும். விண்டோஸில் அவ்வழக்கம் இல்லை. ஆகவே சேயைப் புதிதாய்த் தோற்றுவித்து, தாய் அறிந்தவற்றை ஒவ்வொன்றாய்க் கற்பிக்க வேண்டியிருந்தது. அப்பணி நிறைவுற்று, விண்டோஸில் நேரடியாய் இயங்கும் 8.0 பதிப்பு 2005 ஜனவரியில் வெளிவந்தது.

மூன்றாவது தாழ்ப்பாள். ஒரே வரியை இருவர் ஒருங்கே திருத்த முற்பட்டால் ஒருவரைக் காத்திருக்கச் செய்ய வேண்டும். அதற்குரிய சில வரிகளை மட்டும் ஒவ்வொரு செயலிக்கும் அதனதன் மொழியிலேயே எழுதுகின்றனர்.

நம் நாட்டு இரயில்வே முன்பதிவு இத்தகைய இடப்பெயர்ச்சிக்கு அருகிலுள்ள சான்று. 1985இல் தில்லியில் வாக்ஸ் கணினிகளில் தொடங்கிய அம்முறை, 1999இல் சென்னை உள்ளிட்ட ஐந்து மையங்களை இணைத்தது; காலப்போக்கில் ஆல்ஃபாவுக்கும் இட்டானியத்துக்கும் மாறியது. பொறி மாறினும் சேலம் சந்திப்பில் வரிசையில் நிற்பவருக்கு வேண்டியது தம் பெயரும் இருக்கையும் மாறாதிருத்தல் ஒன்றே.

ஆயினும் பொறி இயங்குகிறது என்பதனால் அமானிதம் காக்கப்பட்டது என்று கொள்ளலாகாது. லினக்ஸின் அடிப்படை நூலகங்களுள் ஒன்றில் 2018இல் எழுத்துகளின் வரிசை விதிகள் புதுப்பிக்கப்பட்டன. பழைய வரிசையில் அமைந்த அட்டவணைச் சுட்டைப் புதிய வரிசைப்படி தேடிய தரவுத்தளங்கள், இருக்கின்ற பெயரையும் இல்லை என்றன. சுட்டை மீண்டும் கட்டினாலன்றி அக்குறை நீங்காது. இருப்பவனை இல்லை என்று ஏடு சொன்னால், உதவித்தொகைக்கோ பட்டாவுக்கோ வந்து நிற்கும் ஏழை எங்கே முறையிடுவான்?

எருமப்பட்டிக் கடையில் நேர்ந்ததும் இதனையொத்ததே. தொகைகள் பிசகின்றி வந்தன. பெயர்களோ பொருளற்ற குறிகளாயின. அவை பழைய எழுத்துருவில் தட்டச்சிட்டவை. 'கொல்லிமலை' என்பதில் ஒற்றைக்கொம்பு முதலிலும், ககரம் அடுத்தும், கால் அதன் பின்னும் இருந்தன. ஒருங்குறியிலோ மெய்யெழுத்தே முன்னிற்கும். அச்சிட்ட பழைய பேரேட்டை அருகே வைத்து, குறிக்குக் குறி ஒப்புநோக்கிப் பெயர்களை மீட்டோம். ஒவ்வொரு பெயரையும் கடைக்காரர் உரக்கப் படித்துச் சரிபார்த்தார். சென்னையில் 1999இல் நடந்த தமிழ்நெட் மாநாடு தொடங்கி, தமிழக அரசு 2010இல் ஒருங்குறியை ஏற்றது வரை அறிஞர்கள் பொதுக் குறியீட்டுக்காக உழைத்ததன் அருமை அப்போது விளங்கிற்று.

எழுத்தின் வைப்புமுறையையும் வரிசையையும் புணர்ச்சியையும் கற்றவர் தமிழ் மாணவரே. கணினித் துறையினர் பொறியைப் பெயர்க்கட்டும். பெயர்த்த பின் ஒவ்வொரு பெயரும் பிழையின்றி வந்துள்ளதா என்று பார்த்துச் சொல்லும் கடமை நம்முடையது. எண்ணிக்கை சரியென்றவுடன் எழுந்துவிடாமல், பழைய ஏட்டையும் புதிய திரையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ஒப்படைத்தவரின் பெயர் ஓரெழுத்தும் குன்றாமல் அவரிடம் சேரும் நாளில்தான் அமானிதம் நிறைவேறுகிறது.